அவளும் ஏறினாள்

நவம்பர் 9, புதன்

மருத்துவமனைக்கு எதிரே உள்ள கடையில் இந்த நோட்டை வாங்கினேன். மெர்சி சிஸ்டர்தான் வாங்கச் சொன்னார். "ஐ.சி.யு.வ விட்டு வெளிய வந்தப்புறம் நீங்கதான் சார் பாத்துக்கணும். காய்ச்சல் எவ்வளவு, யூரின் எவ்வளவு, என்ன குடுத்தீங்க, எல்லாத்தையும் எழுதி வச்சுக்கங்க. டாக்டர் கேப்பாரு." கெசியா இன்னும் வெளியே வரவில்லை. இருந்தாலும் இன்றே ஆரம்பிக்கிறேன். பதினேழு வருடமாகப் பி.டி. மாஸ்டராக இருக்கிறேன். பிள்ளைகளின் உயரம், எடை, ஓடிய நேரம் என்று எழுதியே பழகிய கை. சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

கெசியா என் மகள். ஒரே பிள்ளை. பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு, முப்பத்தெட்டு கிலோ.

நடந்ததையும் எழுதி வைக்கிறேன். மண்டலப் போட்டியில் எங்கள் பள்ளி கேடயம் வாங்கியது. அதற்காகப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரைப் போன சனிக்கிழமை ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். மகளும் வந்தாள். அங்கே டவர் என்று ஒன்று இருக்கிறது. பத்து மாடி உயரத்துக்கு ஒரு தூண், அதைச் சுற்றிப் பன்னிரண்டு இருக்கைகள். மெதுவாக உச்சிக்கு ஏற்றி, கொஞ்ச நேரம் நிறுத்தி, அப்படியே கீழே விட்டுவிடுவார்கள். தரைக்கு மேலே பிரேக் பிடித்து நிற்க வேண்டும். அன்று பிரேக் பாதிதான் பிடித்தது. அடியில் வந்து மோதியது. மற்றவர்களுக்கு முதுகு வலி, சுளுக்கு. ஒரு பையனுக்குக் கணுக்கால் எலும்பில் கீறல் விட்டிருக்கிறது. கெசியாவுக்குக் கழுத்து.

பிள்ளைகள் எல்லோரும் ஏறினார்கள். அவளும் ஏறினாள்.

நவம்பர் 11, வெள்ளி

காலை ஏழரைக்கு ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள், பிற்பகல் இரண்டுக்கு வெளியே வந்தாள். கழுத்தில் தகடு வைத்திருக்கிறார்கள். மூச்சுக்கு மிஷின். தொண்டையில் துளை போட்டுக் குழாய் சொருகியிருப்பதால் பேச முடியாது.

மாலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர்தான். பூங்கா என்ஜினியரைக் கைது செய்துவிட்டார்களாம். என்னிடம் வாக்குமூலம் எழுதிக்கொண்டார்.

"பிள்ளைங்க எல்லாம் தானா ஏறுனதுதானே சார்?"

"ஆமா சார். ஆசையா ஏறுனாங்க."

படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மனைவி பியூலா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். அவள் ஊரிலிருந்து வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. இட்லி வாங்கிக் கொடுத்தேன். ஒன்று சாப்பிட்டாள்.

நவம்பர் 14, திங்கள்

குழந்தைகள் தினமாம். வார்டு வாசலில் பலூன் கட்டியிருக்கிறார்கள்.

நவம்பர் 18, வெள்ளி

டாக்டர் நாச்சியப்பன் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மேஜையில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று இருந்தது. அதில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க தண்டுவடம் நசுங்கியிருக்கு. தோளைத் தூக்குவா. முழங்கை மடங்க வாய்ப்பு இருக்கு. அதுக்குக் கீழ எதிர்பாக்காதீங்க."

"நடப்பாளா டாக்டர்?" என்றாள் பியூலா.

"நடக்க மாட்டாம்மா."

பியூலா தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு கேட்டாள்: "பன்னிரண்டு பேர் உக்காந்திருந்தாங்க. இவளுக்கு மட்டும் ஏன் இப்படி?"

"தலையப் பின்னால நல்லா சாய்ச்சு உக்காந்திருந்தா பெருசா ஒண்ணும் ஆகியிருக்காதும்மா. இவ முன்னால குனிஞ்சிருக்கா. குனிஞ்ச கழுத்துல அந்த வேகம் மொத்தமா இறங்கிருச்சு."

"ஏன் குனிஞ்சா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர்.

பியூலா என் பக்கம் திரும்பினாள். செருப்பு கழன்றிருக்கும், அதைப் பார்க்கக் குனிந்திருப்பாள் என்றேன். பியூலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து போய்விட்டாள்.

நவம்பர் 22, செவ்வாய்

காய்ச்சல் 101. சளியில் கிருமி.

நவம்பர் 26, சனி

மிஷினை எடுத்துவிட்டார்கள். தொண்டைக் குழாய் வழியாகத் தானாகவே மூச்சு விடுகிறாள். தனி அறைக்கு மாற்றியாயிற்று. இனி எல்லாம் நாங்கள்தான். மூக்குக் குழாயில் கஞ்சி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 150 மில்லி. சளி எடுக்கும் மிஷினை மெர்சி சிஸ்டர் இரண்டு நாளாகச் சொல்லிக் கொடுத்தார். பியூலா சீக்கிரம் கற்றுக்கொண்டாள். நான் அந்தச் சத்தம் கேட்டதும் குழாயைக் கீழே வைத்துவிடுகிறேன்.

படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். ஒருவர் தலையையும் கழுத்தையும் சேர்த்துப் பிடிக்க, இன்னொருவர் இடுப்பையும் தோளையும் உருட்ட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நான் எண்ணுவேன். பள்ளியில் டிரில் எடுக்கும் அதே குரலில் எண்ணுகிறேன் என்பது இன்றுதான் எனக்கே உறைத்தது. மெதுவாக எண்ணப் பார்க்கிறேன்.

கெசியா கண் திறந்துதான் இருக்கிறாள். பியூலா பேசினால் அவள் முகத்தைப் பார்க்கிறாள். நான் பேசினால் கூரையைப் பார்க்கிறாள்.

டிசம்பர் 1, வியாழன்

தலைமையாசிரியரும் பிள்ளைகள் நான்கு பேரும் வந்தார்கள். சுபிதாவும் வந்திருந்தாள். உயரம் தாண்டுதலில் மாவட்டத்தில் முதலாவதாக வந்த பெண். கெசியாவைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். பிள்ளைக்கு முன்னால் அழ வேண்டாம் என்று வெளியே கூட்டிப் போனேன்.

சுபிதாவின் போனில் அன்று எடுத்த வீடியோ இருக்கிறது. அவள் முதல் ரவுண்டிலேயே ஏறி இறங்கிவிட்டாள். அடுத்த ரவுண்டைக் கீழே நின்று படம் எடுத்திருக்கிறாள்.

"அத அழிச்சிரும்மா. அதெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தா மனசு கெட்டுப்போகும்" என்றேன்.

"அழிச்சிட்டேன் சார். ஆனா..."

"ஆனா என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

இந்த வயதுப் பிள்ளைகள் அப்படிப்பட்டதைப் பார்க்கக் கூடாது. அதற்காகத்தான் சொன்னேன்.

காலை 99.2. மாலை இயல்பு. யூரின் 1400.

டிசம்பர் 6, செவ்வாய்

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஓர் அட்டை கொண்டுவந்தார். எழுத்துகளை வரிசையாகப் பெரிதாக எழுதியிருக்கிறது. விரலை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். சரியான எழுத்து வந்ததும் கெசியா கண்களை இறுக்கி மூடுவாள். காலும் கொம்பும் நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். பியூலாதான் பிடித்தாள். முதல் வார்த்தைக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. தண்ணி.

பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தோம். ஒரு மாதமாக அவளுக்குத் தாகமாக இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

என்னையும் அட்டையைப் பிடிக்கச் சொன்னார்கள். கண்ணாடி ஊரில் இருக்கிறது, எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றேன்.

டிசம்பர் 12, திங்கள்

மருந்துக் கடை, டயப்பர், டெட்டால், இளநீர். பியூலா அட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஏதாவது வாங்க வேண்டியது ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. திரும்பி வந்ததும் "என்ன சொன்னா?" என்று கேட்பதில்லை. பியூலாவும் தானாகச் சொல்வதில்லை.

டிசம்பர் 17, சனி

இன்ஸ்பெக்டர் போன் செய்தார். பிரேக்கை ஒன்றரை வருடமாகச் சோதிக்கவில்லை என்று அறிக்கை வந்துவிட்டதாம். பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் அவளிடமும் ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்றார். அவளைத் தொந்தரவு பண்ண வேண்டாம் சார் என்றேன். "சும்மா சம்பிரதாயத்துக்குத்தான் சார்" என்றார்.

டிசம்பர் 21, புதன்

காலை பத்து மணிக்குப் பியூலா குளிக்கப் போனாள். அறையில் நானும் கெசியாவும் மட்டும். அவள் தோளை ஆட்டிக்கொண்டே இருந்தாள். சளியா என்றேன். இல்லை. தண்ணியா. இல்லை. கண்ணால் அட்டையைக் காட்டினாள்.

வெளியே போக முடியவில்லை. அட்டையை எடுத்தேன்.

ப. ய. ம. அதற்கு மேல் நானே சொன்னேன். "பயமா இருக்கா?" கண்ணை மூடித் திறந்தாள். "எதுக்கு பயம்? அப்பா இருக்கேன்லா" என்றேன். அவள் இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் என்று அட்டையையே பார்த்தாள். மறுபடி விரலை நகர்த்தினேன். த. ட. ட. த. எனக்குப் புரியவில்லை. மறுபடி முதலிலிருந்து வந்தோம். அவள் நெற்றி வியர்த்துவிட்டது.

திட்டாதீங்க.

பயமா இருக்கு, திட்டாதீங்க.

பியூலா ஈரத் தலையோடு வந்தாள். நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். இப்போது அங்கேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவள் ஏறவில்லை. நான் ஏற்றினேன்.

வரிசை நிற்கும் இடத்தில் இரும்புக் கம்பித் தடுப்பு. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வேண்டாம்ப்பா. நான் இங்கயே நிக்கேன்ப்பா." முதல் ரவுண்டில் ஏறிய பிள்ளைகள் எல்லோரும் இறங்கி வந்து நிற்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பையன்கூட ஏறிவிட்டான். எல்லோரும் எங்களைப் பார்க்கிறார்கள். "பி.டி. மாஸ்டர் பிள்ள நீ. இதுக்குப் போய் அழுவுத. அசிங்கமா இல்ல?" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் விடவில்லை. கம்பியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். தூக்கிக் கொண்டுபோய் உட்கார வைத்து, தோள்கம்பியை நானே இறக்கினேன். அங்கே வேலை பார்க்கும் பெண் வந்து, "சார், பாப்பா ரொம்ப அழுவுறாங்க, இறக்கி விட்டுறவா?" என்று கேட்டாள். "அவ அப்படித்தாம்மா. நீ போடு, ஒரு தடவை போயிட்டு வந்தா பயம் போயிரும்" என்றேன்.

மேலே போகும்போது முகத்தை நெஞ்சில் புதைத்துக்கொண்டாள். அதனால்தான் குனிந்திருந்தாள். செருப்பு காலில்தான் இருந்தது.

நான் கீழே நின்று கை தட்டினேன்.

டிசம்பர் 25, ஞாயிறு

போதகர் வந்து ஜெபம் பண்ணினார். கேக் கொண்டுவந்திருந்தார். கெசியாவுக்குக் கொடுக்க முடியாது. பியூலாவிடம் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பண்டிகை நாள், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 28, புதன்

சொல்லிவிட்டேன்.

மதியம் கெசியா தூங்கிக்கொண்டிருந்தாள். பியூலா பின்பக்கம் துணி பிழியும் இடத்தில் நின்றாள். பக்கத்தில் போய், "அன்னைக்கு அவ தானா ஏறல பியூலா" என்றேன்.

போர்வையைப் பிழிந்துகொண்டே, "தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சுபிதா எடுத்த வீடியோவ அவ அம்மா எனக்கு அனுப்பிச்சா. நான் இங்க வந்த மூணாம் நாளே. சத்தத்தோட பாத்தேன். பிள்ள கூப்பிடுதது, நீங்க சிரிக்கது, எல்லாம்."



"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டேனே. டாக்டர் ரூம்ல ஏன் குனிஞ்சான்னு கேட்டேன். உங்கள பாத்துத்தான் கேட்டேன். செருப்புன்னு சொன்னீங்க."

போர்வையின் மறுமுனையை என் கையில் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து முறுக்கிப் பிழிந்தோம்.

"அன்னைக்கே உங்கள ஊருக்குப் போவச் சொல்லியிருப்பேன்" என்றாள் பிறகு. "அவளத் திருப்பிப் போட ரெண்டு பேர் வேணும். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. எங்க அம்மாவால குனிய முடியாது. வேற யாரு இருக்கா? அதான் பேசாம இருந்தேன். இனியும் அப்படித்தான் இருப்பேன். நீங்க மன்னிப்பு கின்னிப்புன்னு எங்கிட்ட கேக்காதீங்க. எனக்கு அதுக்கு நேரம் இல்ல."

குரல் உயரவே இல்லை. கொடியில் துணியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். மூன்று மணிக்குக் கூப்பிட்டாள். போய்த் திருப்பிப் போட்டோம். நான் எண்ணவில்லை. அவள் எண்ணினாள்.

ஜனவரி 3, செவ்வாய்

நானாகவே காவல் நிலையத்துக்குப் போனேன். முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய் சார், பிள்ளை மாட்டேன் என்றாள், நான்தான் வலுக்கட்டாயமாக ஏற்றினேன், அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எழுதி என்ன சார் பண்றது? அப்பா பிள்ளைய ராட்டினத்துல ஏத்துனா அது எந்த செக்‌ஷன்ல வரும்? பிரேக் பிடிக்காதது பூங்காக்காரன் தப்பு. நீங்க ஏத்துனாலும் அவளா ஏறுனாலும் அது பிடிச்சிருக்காது. இத எழுதுனா அவன் வக்கீலுக்குத்தான் லாபம்."

"எனக்கு எழுதணும் சார்."

"வீட்டுக்குப் போங்க சார். பிள்ளையப் பாருங்க."

டீ வரவழைத்துக் கொடுத்தார். தனக்கும் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள் என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 10, செவ்வாய்

தொண்டைக் குழாய்க்கு மூடி போட்டார்கள். இனிப் பேசலாம். முதல் சொல் "அம்மா". கரகரப்பாக, வயதானவள் குரல் போல வந்தது. பியூலா அவள் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். இந்த இரண்டு மாதத்தில் பியூலா அழுது நான் பார்த்தது இன்றுதான்.

"அப்பா சொல்லு பாப்பா" என்றார் மெர்சி சிஸ்டர்.

"அப்பா" என்றாள் கெசியா உடனே. சொல்லச் சொன்னால் சொல்லும் பிள்ளை அவள். எப்போதுமே அப்படித்தான்.

அவளிடம், "அப்பா மேல கோவமாம்மா?" என்று பிறகு கேட்டேன். "இல்லப்பா" என்றாள். நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

ஜனவரி 17, செவ்வாய்

பிசியோதெரபி அறையில் ஒரு பலகை இருக்கிறது. அதில் படுக்க வைத்து, நெஞ்சிலும் இடுப்பிலும் முழங்காலிலும் பெல்ட் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் படுத்தே இருந்த உடம்பு நிமிர்ந்து பழக வேண்டுமாம். பழகினால்தான் சக்கர நாற்காலியில் உட்கார வைக்க முடியும். பியூலாவும் நானும் சேர்ந்துதான் பலகைக்கு மாற்றினோம். நான் கால்மாட்டில் நின்றேன். பிசியோ பெண்ணின் பெயர் ரம்ஜான் பேகம். சின்னப் பெண், பொறுமையானவர்.

"தல சுத்துனாலோ பயமா இருந்தாலோ சொல்லிரணும் கெசியா. உடனே இறக்கிருவேன். சரியா?"

"சரிக்கா."

இருபது பாகை. ரம்ஜான் கேட்டார், "எப்படி இருக்கு?" கெசியா என்னைப் பார்த்தாள். "நல்லாருக்குக்கா." முப்பது. உதடு வெளுத்துவிட்டது. "பயமா இருக்கா?" மறுபடி என்னைப் பார்த்தாள். "இல்லக்கா." நாற்பது. கண்கள் அகன்று என் முகத்திலேயே நின்றன. தடுப்புக் கம்பியிலிருந்து நான் கையைப் பிரித்தபோது பார்த்த அதே பார்வை. நிறுத்துங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறப்பதற்குள் "எனக்குப் பயம் இல்லப்பா" என்றாள். அப்படியே கண் செருகித் தலை சாய்ந்துவிட்டது.

உடனே இறக்கினார்கள். ரத்த அழுத்தம் அறுபதுக்குப் போய்விட்டது. ஐந்து நிமிடத்தில் தெளிந்தாள்.

"ரொம்ப தைரியமான பொண்ணு சார்" என்றார் ரம்ஜான், கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே. "மயங்கற வரைக்கும் ஒரு வார்த்த சொல்லல பாருங்க."

அறைக்கு வந்ததும் பியூலா போர்வையைச் சரிசெய்தபடி என்னிடம் சொன்னாள்: "நாளைக்குப் பலகைல மாத்தி விட்டுட்டு நீங்க வெளிய நில்லுங்க."

ஜனவரி 18, புதன்

காலை 98.4. யூரின் 1600. கஞ்சி நான்கு தடவை.

பதினொரு மணிக்குப் பலகையில் மாற்றினோம். பெல்ட் கட்டியதும் நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். வராந்தா பெஞ்சில் கை உடைந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாருக்கு என்று கேட்டார். மகளுக்கு என்றேன்.

உள்ளே பலகையை நிமிர்த்தும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அதிக நேரம் ஓடவில்லை. பத்துப் பாகைகூட ஆகியிருக்காது. கெசியாவின் கரகரத்த குரல் கதவைத் தாண்டி வந்தது.

"வேண்டாம்க்கா. பயமா இருக்குக்கா. இறக்குங்க."

இறக்கிவிட்டார்கள். பியூலா ஏதோ சொல்வது கேட்டது. கெசியா அழுதாள். சத்தமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் அழுதாள். யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.

பெஞ்சில் இருந்தவர், "போய்ப் பாருங்க சார், பிள்ள அழுவுது" என்றார்.

நான் போகவில்லை.